உறைகுளிரில் வெளியே வாழும் நாய்க்குத் தண்ணீர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் மானிட்டோபா மாகாணத்தில், வின்னிபெக் நகரத்துக்குத் தெற்கே ஒரு சிறிய ஆட்டுப்பட்டி வைத்திருக்கிறோம். பட்டிக்குக் காவல் மணியும் ராணியும். இரண்டும் கிரேட் பைரனீஸ் இன நாய்கள். உடல் முழுக்க அடர்ந்த வெள்ளை முடி, ஆளுக்கு 40 கிலோவுக்குக் குறையாது. ஓநாயும், ஓநாயைவிடச் சிறிய அதன் இனமான கொயோட்டியும் ஆடுகளைத் தாக்காமல் காப்பதற்காக அவை பட்டியை விட்டு நகராது என்பதால் குளிர்காலத்திலும் இரவு பகலாக வெளியேதான். இங்கே ஜனவரி இரவென்றால் மைனஸ் 20 டிகிரி சாதாரணம். வின்னிபெக்கில் பதிவான கடுங்குளிர் 1879 டிசம்பர் 24 அன்று, மைனஸ் 47.8. புதிதாக இந்தப் பக்கம் குடிவந்து நாய் வளர்க்கும் நம்மவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

சுற்றிலும் பனி கொட்டிக் கிடக்கிறதே, நாய் அதைத் தின்று தாகம் தீர்த்துக்கொள்ளாதா?

எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். நாய் பனியைத் தின்னும், உண்மை. ஓடி விளையாடும்போது வாய் நிறைய அள்ளிக்கொள்ளும். அதனால் ஆபத்தில்லை. ஆனால் அதையே குடிநீராக நம்பி விட்டுவிடுவது அந்த உயிருக்குச் செய்யும் கொடுமை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மைனஸ் 20 டிகிரியில் கிடக்கும் ஒரு கிலோ பனியை நாயின் உடல் முதலில் 0 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும், பிறகு உருக்க வேண்டும், பிறகு உடல் சூடான 38 டிகிரிக்கு ஏற்ற வேண்டும். எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட 130 கிலோ கலோரி செலவு. 40 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். அதை முழுவதும் பனியாகத் தின்றால் 260 கிலோ கலோரி போய்விடும். அசையாமல் படுத்துக் கிடந்தாலே அந்த நாயின் உடல் ஒரு நாளைக்கு 1,100 கிலோ கலோரி எரிக்கிறது. தன்னைச் சூடாக வைத்துக்கொள்ளவே போராடும் நாயிடமிருந்து அதில் கால்பங்கைத் தண்ணீருக்காகப் பிடுங்குகிறோம் என்று அர்த்தம்.

அளவையும் பாருங்கள். புதிதாக விழுந்த பனி பஞ்சு போன்றது. பத்து லிட்டர் பனியை உருக்கினால் ஒரு லிட்டர் தண்ணீர் தேறும். இரண்டு லிட்டர் தண்ணீருக்கு ஒரு பெரிய வாளி வழிய வழியப் பனி தின்ன வேண்டும். எந்த நாயும் அவ்வளவு தின்னாது. பாதித் தாகத்தோடு படுத்துவிடும்.

பனிக்கட்டியை நக்கியோ கடித்தோ சமாளிக்காதா?

சட்டியில் உறைந்த கட்டியைக் கடிக்கும் நாய்க்குப் பல் பிளக்கும். மேல் தாடையின் பெரிய கடைவாய்ப்பல் பட்டையாகப் பெயர்ந்து வருவது கால்நடை மருத்துவர்கள் அடிக்கடி காண்பது. நக்கினால் கிடைப்பது சில துளிகள்.

குளிர்காலத்தில் நாய்க்கு அவ்வளவு தாகம் எடுக்குமா?

எடுக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி லிட்டர் என்பது பொதுக் கணக்கு. கடுங்குளிர்க் காற்றில் ஈரமே இருக்காது. ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலிலிருந்து ஈரம் வெளியேறுகிறது. வாயிலிருந்து புகைபோல வருகிறதே, அதுதான். குளிருக்காக உணவையும் கூட்டிக் கொடுக்கிறோம். உலர் தீனியாக இருந்தால் தண்ணீர்த் தேவையும் கூடவே ஏறும்.

போதுமான தண்ணீர் உள்ளே போகிறதா என்று பார்க்க ஈறைத் தொடுங்கள். ஈரமாக, வழுக்கலாக இருக்க வேண்டும். ஒட்டினால் நீர் குறைந்திருக்கிறது. விரலால் ஈறை அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். பனிமேல் சிறுநீர் விழுந்த இடம் அடர் மஞ்சளாகத் தெரிந்தால் அதுவும் ஓர் எச்சரிக்கை. இந்த ஒன்றுக்கு மட்டும் குளிர்காலம் நமக்கு உதவி செய்கிறது; வெள்ளைத் தரையில் நிறம் பளிச்சென்று தெரியும்.

கொதிக்கும் தண்ணீரை ஊற்றினால் நெடுநேரம் உறையாமல் இருக்குமா?

நினைக்கும் அளவுக்கு இருக்காது. பள்ளியில் படித்த உள்ளுறை வெப்பம் இங்கே கைகொடுக்கும். ஒரு கிராம் நீர் 1 டிகிரி குளிர்வதற்கு 1 கலோரியை இழக்கிறது. 0 டிகிரியில் இருக்கும் அதே ஒரு கிராம் நீர் பனிக்கட்டியாக மாற 80 கலோரியை இழக்க வேண்டும். ஆக, தண்ணீர் உறையாமல் தாக்குப்பிடிக்கும் காலத்தில் பெரும்பகுதி அந்த 0 டிகிரியில்தான் கழிகிறது. மேலே எவ்வளவு சூடாக ஊற்றினாலும் அந்தச் சூடு வேகமாக இறங்கிவிடும்; காற்றுக்கும் நீருக்கும் வெப்ப வித்தியாசம் கூடக் கூட இழப்பும் கூடும், ஆவியாகவும் போகும்.

வெந்நீர் தண்ணீரைவிடச் சீக்கிரம் உறையுமாமே என்று சிலர் கேட்பதுண்டு. தான்சானியாவில் பள்ளி மாணவராக இருந்த எராஸ்டோ எம்பெம்பா 1963இல் ஐஸ்கிரீம் செய்யும்போது இதைக் கவனித்தார். அவர் பெயரிலேயே அது வழங்குகிறது. எல்லா நிலையிலும் அப்படி நடப்பதில்லை, விஞ்ஞானிகளிடையே விவாதம் இன்னும் தொடர்கிறது. நாய்ச் சட்டிக்கு அதனால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. நாக்கு வெந்துவிடும் என்பதற்காகவே கொதிநீரைத் தவிருங்கள். கை பொறுக்கும் வெதுவெதுப்பு போதும். நாயும் அதை விரும்பிக் குடிக்கும்.

சூட்டைவிட அளவே முக்கியம். அரை லிட்டர் உறையும் நேரத்தில் ஐந்து லிட்டருக்கு மேலே ஓர் ஏடு மட்டும் படிந்திருக்கும். அகலமாகவும் ஆழமில்லாமலும் இருக்கும் தட்டு வேண்டாம். வாய் குறுகிய, ஆழமான பாத்திரம் நல்லது.

எந்தப் பாத்திரம் வாங்கலாம்?

தடித்த கறுப்பு ரப்பர் சட்டி. பண்ணைச் சாமான் கடைகளில் ஆடு மாட்டுக்கென்று விற்பார்கள், விலையும் குறைவு. மின்சாரமே இல்லாத இடத்தில் இதற்கு ஈடு வேறில்லை. காலையில் போய்ப் பார்த்தால் சட்டி அடிவரை உறைந்திருக்கும். தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டு, பூட்ஸ் காலால் அடியில் ஓங்கி மிதித்தால் ரப்பர் வளைந்து கொடுக்கும், ஐஸ் முழுசாக, அச்சில் வார்த்த இட்லிபோலக் கழன்று விழும். உள்ளே முந்தைய நாள் விழுந்த ஒரு வைக்கோல் துரும்பு அசையாமல் நிற்பதுகூடத் தெரியும். சட்டிக்கு ஒரு கீறல்கூட விழாது.

பிளாஸ்டிக் அப்படித் தாங்காது. நீர் உறையும்போது 9 சதவீதம் விரிகிறது. குளிரில் விறைத்துப்போன பிளாஸ்டிக் இரண்டாவது வாரமே பிளந்துவிடும். பீங்கானும் அப்படியே. எவர்சில்வர் பாத்திரத்தை வெளியே வைக்கவே வைக்காதீர்கள். உலோகம் வெப்பத்தை விறுவிறுவென்று கடத்துவதால் தண்ணீர் சீக்கிரம் உறையும். ஈர நாக்கு விளிம்பில் பட்டால் அப்படியே ஒட்டிக்கொள்ளும். நாய் பயந்து தலையை இழுத்தால் நாக்குத் தோல் கிழியும். ஒருவேளை ஒட்டிவிட்டால் இழுக்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரை மெல்ல ஊற்றினால் தானாக விடும்.

மின்சாரத்தில் சூடேறும் சட்டி பாதுகாப்பானதா?

வெளியே பிளக் பாயின்ட் இருந்தால் நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். இங்கே காரின் எஞ்சினை இரவில் சூடாக வைக்கவே ஹீட்டர் வயரைச் செருக வேண்டும் என்பதால் பெரும்பாலான வீடுகளுக்கு வெளியே பிளக் பாயின்ட் உண்டு. சட்டியின் அடியில் வெப்பக் கம்பி, கூடவே ஒரு தெர்மோஸ்டாட். தண்ணீர் உறைநிலையை நெருங்கும்போது மட்டும் கம்பி சூடாகும். தண்ணீர் சுடாது, உறையாமல் இருக்கும், அவ்வளவுதான். சிறியவை 25 வாட் அளவில், பெரியவை 60 வாட் அளவில் கிடைக்கின்றன. மைனஸ் 30இல் காற்றும் சேர்ந்தால் 25 வாட் சட்டி தோற்றுப்போகும். பெரியதையே வாங்குங்கள்.

வாங்கும்போது வயரைப் பாருங்கள். சட்டியிலிருந்து கிளம்பும் இடம் முதல் இரும்புச் சுருள் கம்பி சுற்றியிருக்க வேண்டும். குட்டி நாயும் சலிப்படைந்த நாயும் வயரைக் கடிக்கும். எக்ஸ்டென்ஷன் வயர் போட்டால் வெளிப்புறப் பயன்பாட்டுக்கென்று குறித்த, குளிரில் விறைக்காத வகையாக இருக்கட்டும். வீட்டுக்குள் பயன்படுத்தும் சாதாரண வயரின் மேலுறை மைனஸ் 25இல் குச்சியாகி, வளைத்தால் வெடிக்கும். இரண்டு வயரும் சேரும் இடம் பனிக்குள் புதையாமல் வேலிக் கம்பத்தில் உயரக் கட்டுங்கள்.

செருகும் இடம் ஜிஎஃப்சிஐ பிளக் பாயின்டாகவே இருக்க வேண்டும். மின்சாரம் கொஞ்சம் கசிந்தாலும் நொடியில் தானே அணைந்துவிடும் அமைப்பு அது. ஈரமும் மின்சாரமும் நாயும் ஒன்றாக இருக்கும் இடத்தில் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

அப்படியொன்றை வைத்துவிட்டால் கவலையில்லைதானே?

நானும் அப்படித்தான் நம்பினேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பரில் ஈரப்பனி பெய்து, வயர் சேரும் இடத்தில் தண்ணீர் புகுந்து, ஜிஎஃப்சிஐ தன் கடமையைச் செய்து அணைந்துவிட்டது. எனக்குத் தெரியாது. சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் சட்டி நிறையத் தண்ணீர் மின்னிக்கொண்டிருந்தது. அன்று பகல் முழுக்க அப்படியே நினைத்தேன். மாலையில் தீனி கொண்டுபோனபோதுதான் மணி சட்டியருகே நின்று முன்காலால் ஒருமுறை, மறுமுறை என்று சுரண்டிக்கொண்டிருந்தான். டிக், டிக் என்று நகம் கண்ணாடியில் படுவதுபோலச் சத்தம். தண்ணீரின் மேல்பரப்பில் நகக் கீறல்கள் வட்ட வட்டமாக வெள்ளையாகத் தெரிந்தன. எத்தனை மணி நேரமாகச் சுரண்டினானோ. உள்ளே ஓடிப்போய் வெந்நீர் கலந்து கொண்டுவந்து வைத்தேன். தலையைத் தூக்காமல் குடித்தான்.

உறைந்த சட்டி தூரத்திலிருந்து பார்த்தால் நிறைந்த சட்டிபோலவே தெரியும். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காலையும் மாலையும் யாராவது ஒருவர் போய்ச் சட்டிக்குள் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். ஜன்னல் பார்வை செல்லாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் விரலை நினைவில் வையுங்கள்.

இன்னொன்று: வறண்ட குளிரில் சூடேறும் சட்டியிலிருந்து தண்ணீர் மளமளவென்று ஆவியாகும். இரவில் நிரப்பியது காலையில் பாதியாக இருந்தால் நாய் குடித்துவிட்டது என்று கணக்கு வைக்காதீர்கள்.

மின்கட்டணம் எகிறுமா?

60 வாட் சட்டி நாள் முழுக்க ஓயாமல் எரிந்தாலும் ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட்டுக்குள்தான். மாதத்துக்கு 43 யூனிட். தெர்மோஸ்டாட் இடையிடையே அணைப்பதால் உண்மையில் இன்னும் குறையும். தெர்மோஸ்டாட் இல்லாத சட்டி என்றால், 2 டிகிரிக்கு அருகே குளிர்ந்தால் எரிந்து 7 டிகிரிக்கு ஏறினால் அணையும் தனிப் பிளக்கும் கடையில் உண்டு.

மின்சாரம் எட்டாத இடத்தில் என்ன செய்வது?

இரண்டு ரப்பர் சட்டி வாங்குங்கள். ஒன்று வெளியே, ஒன்று வீட்டுக்குள். போகும்போதெல்லாம் வெதுவெதுப்பான தண்ணீரோடு மாற்றுங்கள். நாங்கள் மின்சாரம் இழுப்பதற்கு முன் மூன்று குளிர்காலம் இப்படித்தான் ஓட்டினோம்.

சட்டி தாக்குப்பிடிக்கும் நேரத்தைக் கூட்ட ஒரு பழைய கார் டயர் போதும். டயருக்குள் உட்கூட்டில் தெர்மோகோல் துண்டுகளை நெருக்கித் திணித்து, நடு ஓட்டையில் வாளியை இறுக்கமாக இறக்குங்கள். வாளிக்கு அடியிலும் ஒரு தெர்மோகோல் பலகை. கறுப்பு டயர் பகல் வெயிலையும் கொஞ்சம் பிடித்து வைக்கும், நாய் கவிழ்க்கவும் முடியாது. தெர்மோகோலை நாய் எட்டாதபடி மூடிவிட மறக்காதீர்கள், தின்றுவிடும். லேசான குளிரில் இது அரை நாள் தாங்கும். மைனஸ் 25இல் சில மணி நேரம்தான்.

அதற்குமேல் வழி தேடினால், பனிவண்டி நாய்களை வளர்ப்பவர்களைப் பாருங்கள். அலாஸ்காவிலும் கனடாவின் யூக்கானிலும் முப்பது நாற்பது நாய் வைத்திருப்பவர்கள் நாற்பது சட்டிக்கு மின்சாரம் இழுப்பதில்லை. தண்ணீரை வெளியே வைத்துவிட்டுப் போகும் எண்ணத்தையே விட்டுவிட்டார்கள். வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் இறைச்சியையோ மீனையோ கரைத்து, மணத்துக்காகவே நாய் ஒரே மூச்சில் குடிக்கும்படி வேளை வேளைக்கு ஊற்றுவார்கள். குடித்து முடித்ததும் சட்டியைக் கவிழ்த்துவிடுவார்கள். அலாஸ்காவில் ஆங்கரேஜ் பக்கமிருந்து நோம் வரை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் ஓடும் இடிடராட் பனிவண்டிப் பந்தயத்தில், குறைந்தது 3 கேலன், அதாவது 11 லிட்டருக்கு மேல், தண்ணீரைக் கொதிக்கவைக்கும் அடுப்பும் பாத்திரமும் ஒவ்வொரு வண்டியிலும் கட்டாயம். வழியில் பனியை உருக்கி நாய்களுக்குக் கொடுத்த பிறகுதான் ஓட்டுபவருக்கு ஓய்வு. பனிக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்த அந்த நாய்களுக்கே பனி போதாது என்பதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்?

நாளைக்கு மூன்று வேளை உங்களால் போக முடியுமென்றால் இந்த முறை சூடேறும் சட்டியைவிட மேல் என்பேன். எவ்வளவு குடித்தது என்று உங்கள் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

மணத்துக்காக ரசமோ குழம்போ கலக்கலாமா?

வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை அழிக்கும். சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது. உப்பும் காரமும் வேறு. கடையில் விற்கும் சூப்புக் கட்டியிலும் வெங்காயம் இருக்கும். உப்பு, மசாலா எதுவும் சேர்க்காமல் கோழியை வேகவைத்த தண்ணீர் இரண்டு கரண்டி விட்டால் போதும்.

தண்ணீரில் உப்பு போட்டால் உறையாதாமே?

கடல்நீரே மைனஸ் 2 டிகிரியை நெருங்கும்போது உறையத் தொடங்குகிறது. மைனஸ் 20ஐத் தாங்க அதைவிடப் பல மடங்கு உப்பு வேண்டும். அதைக் குடித்த நாய்க்கு வலிப்பு வரும், உயிரே போகும். சர்க்கரைக்கும் இதே பதில்.

கார் ரேடியேட்டரில் ஊற்றும் உறைதடுப்புத் திரவத்தைச் சிலர் ‘கொஞ்சமாக’ என்று கேட்கிறார்கள். ஒரு துளிகூடக் கூடாது. அதில் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் இருக்கிறது. இனிப்பாக இருப்பதால் நாய் தேடிப்போய் நக்கும். உடல் எடையில் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி அளவு உள்ளே போனால் சாவுதான். முதலில் குடித்தவன்போலத் தள்ளாடும், பிறகு தெளிந்துவிட்டதுபோலத் தோன்றும், அதற்குள் சிறுநீரகத்தில் படிகங்கள் அடைத்துக்கொள்ளத் தொடங்கியிருக்கும். மாற்று மருந்து உண்டு. ஆனால் முதல் சில மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். கராஜ் தரையில் பச்சை நிறத்தில் ஒழுகியிருப்பதைக் கண்டால் உடனே துடையுங்கள். நாய் நக்கியதோ என்று சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், தள்ளாடுகிறதா என்று காத்திருக்க வேண்டாம்.

பந்து மிதக்கவிடுவது, உப்புநீர் பாட்டிலைப் போட்டு வைப்பது இவையெல்லாம் பலிக்குமா?

0 டிகிரிக்கு ஒட்டி, கொஞ்சம் காற்றும் இருந்தால் பந்து ஆடி ஆடி மேலே ஏடு படிவதைத் தள்ளிப்போடும். உப்புநீர் பாட்டிலுக்குள் இருப்பது உறையாதே தவிர, அது வெளியே இருக்கும் தண்ணீருக்குச் சூடு கொடுப்பதில்லை. அக்டோபர் மாத விளையாட்டு இவை. டிசம்பரில் பந்தும் பாட்டிலும் ஐஸுக்குள் மாட்டிக்கொள்ளும்.

வெப்பநிலை 2 டிகிரிதான், ஆனால் ‘காற்றோடு சேர்த்து மைனஸ் 6’ என்று வானிலையில் சொல்கிறார்கள். உறையுமா?

உறையாது. காற்றுக்குளிர் எண் வெறும் தோல் எவ்வளவு வேகமாகச் சூட்டை இழக்கும் என்பதைச் சொல்வது. காற்று வெப்பநிலை 0க்குக் கீழே போகாதவரை சட்டித் தண்ணீருக்குப் பயமில்லை. கீழே போய்விட்டால் காற்று அதை விரைவாக உறையவைக்கும், எனவே வடமேற்குக் காற்றுக்கு மறைவாக, தெற்குப் பார்த்த சுவரோரம் வையுங்கள். டிசம்பரில் இங்கே பகல் எட்டு மணி நேரம்தான், கிடைக்கும் வெயிலை விடக் கூடாது. நாய் வீட்டுக்குள் தண்ணீரை வைக்காதீர்கள். சிந்தினால் வைக்கோல் நனையும், நனைந்த படுக்கை குளிரைவிடக் கொடியது.

சூடு தரும் சிவப்பு விளக்கு, மெழுகுவர்த்தி, மீன்தொட்டி ஹீட்டர்?

விளக்கும் நெருப்பும் வைக்கோலைப் பற்றவைக்கும். கொட்டகைகள் எரிவது இப்படித்தான். மீன்தொட்டி ஹீட்டரின் கண்ணாடிக் குழல் உடையும். மூன்றும் வேண்டாம்.

எந்தக் குளிரில் நாயை வெளியே விடவே கூடாது?

இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம். மணியும் ராணியும் இரட்டை முடிப் போர்வையோடு பிறந்தவை, காற்றுப் புகாத கொட்டகையும் முழங்கால் உயர வைக்கோலும் அவற்றுக்கு உண்டு. அப்படியிருந்தும் மைனஸ் 35ஐத் தாண்டினால் கொட்டகைக் கதவைச் சாத்தி ஆடுகளோடு உள்ளே விட்டுவிடுவோம். முடி குட்டையான நாய், குட்டி, கிழட்டு நாய், நோயாளி நாய் எதுவும் இந்தக் குளிரில் வெளியே வாழக் கூடாது. அவற்றுக்கு நல்ல சட்டி எது என்று தேட வேண்டாம்; வீட்டுக்குள் கூப்பிடுங்கள்.

பக்கத்து வீட்டு நாயின் சட்டி எப்போது பார்த்தாலும் உறைந்தே கிடக்கிறது. என்ன செய்யலாம்?

முதலில் கதவைத் தட்டிப் பேசுங்கள். பலருக்கு உண்மையிலேயே தெரியாது. அவர்களும் ஜன்னலிலிருந்துதான் பார்த்திருப்பார்கள். போகும்போது ஒரு ரப்பர் சட்டியைக் கையோடு கொண்டுபோங்கள். எங்கள் சாலையில் ஒரு முதியவருக்கு இடுப்பு வலி, குனிந்து ஐஸைத் தட்ட முடியவில்லை. இப்போது பள்ளிப் பேருந்துக்கு நிற்கும் பிள்ளைகள் காலையில் அதைச் செய்துவிட்டுப் போகிறார்கள்.

பேசியும் மாறவில்லையென்றால் புகார் கொடுக்கத் தயங்காதீர்கள். வைத்திருக்கும் விலங்குக்குப் போதுமான உணவும் தண்ணீரும் கிடைக்கச் செய்வது உரிமையாளரின் கடமை என்று மானிட்டோபாவின் விலங்குப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 2017 முதல் உறைநிலைக்குக் கீழே நாயை வெளியே அரை மணி நேரத்துக்கு மேல் கட்டிவைப்பதே குற்றம். புகார் சொல்லும்போது நாள், நேரம், அன்றைய வெப்பநிலை மூன்றையும் எழுதி வையுங்கள், உறைந்த சட்டியைப் படமெடுங்கள். அதிகாரி வந்து சேரும்வரை, உரிமையாளர் அனுமதித்தால், வேலிக்கு இந்தப் பக்கமிருந்தே ஒரு சட்டி வெதுவெதுப்பான தண்ணீரை உள்ளே தள்ளி வையுங்கள். குடித்து முடிக்கும்வரை அங்கேயே நில்லுங்கள்.